தெல்லிப்பழை வரலாற்றுத் தொடர் – 17: ஏடும் நாடாவும்

சென்ற இதழில் சி. வை. தாமோதரம்பிள்ளையோடு நின்றோம். சிறுப்பிட்டியில் பிறந்து, தெல்லிப்பழை அமெரிக்க மிஷன் பாடசாலையிலும் பின்னர் வட்டுக்கோட்டையிலும் படித்தவர் அவர். 1887இல் கலித்தொகையை முதன்முதலாக அச்சில் தந்தார். ஏடு ஒன்று கைக்கு வந்துவிட்டால் அச்சுக்குக் கொடுத்துவிடலாம் என்ற நிலை அன்று இருக்கவில்லை. பிரதிகளைத் தேடவேண்டும், ஒன்றோடொன்று ஒப்பிடவேண்டும், செல்லரித்த இடத்தில் மூலம் எது, எழுதினவர் பிழை எது என்று பிரிக்கவேண்டும். சுவையான பாட்டுகள் சிலவற்றை மட்டும் பொறுக்கி ஒரு திரட்டுப் போட்டிருந்தால் வேலை மிகச் சுருங்கியிருக்கும். ஆனால் நமக்குக் கலித்தொகை என்ற நூல் கிடைத்திராது. பழைய பதிப்பாசிரியர்கள் முழுமையை விட்டுக்கொடுக்க மறுத்தார்கள் என்பதே அந்தக் கட்டுரையின் முடிவு. இந்த இதழில் அதே அளவுகோலை ஏட்டிலிருந்து எடுத்து ஒலிநாடாவின்மேல் வைத்துப் பார்க்கப்போகிறோம். தெல்லிப்பழைப் பிரதேசத்துக்கு உட்பட்ட அளவெட்டியில் வாழ்ந்த தவில் மேதை தெட்சணாமூர்த்தியின் வெளிவராத பதிவுகள்தான் இன்றைய பொருள்.

வி. தெட்சணாமூர்த்தி 1933இல் இணுவிலில், தவில் வித்துவான் விஸ்வலிங்கத்தின் மகனாகப் பிறந்தார். தமிழகம் சென்று நாச்சியார்கோவில் ராகவபிள்ளையிடம் பயின்றார். ஈழத்தில் அளவெட்டி என். கே. பத்மநாதனின் நாதஸ்வரத்தோடு அவருடைய தவில் சேர்ந்த கச்சேரிகள் ஒரு தலைமுறையின் பேச்சாக இருந்தன. தமிழகத்தில் காருகுறிச்சி அருணாசலம் போன்ற பெருவித்துவான்களோடு அவர் மேடையேறினார். ‘லயஞான குபேர பூபதி’ என்ற பட்டம் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. 1975இல், நாற்பதுகளின் தொடக்கத்திலேயே, மறைந்துவிட்டார். அதே அளவெட்டியில் பிறந்த கவிஞர் மஹாகவி உருத்திரமூர்த்தி அவருக்கு நாலு ஆண்டு முன்னர், 1971இல் காலமானார். இருவருமே நடுவயதில் போனவர்கள். ஆனால் மஹாகவியின் எழுத்துக்கு எம். ஏ. நுஃமான் போன்ற பதிப்பாசிரியர்கள் வாய்த்தார்கள். இன்றைய மாணவன் அவருடைய காவியங்களைக் கையில் எடுத்து, அவரைப்பற்றிய புகழ்ச்சி சரியா பிழையா என்று தானே தீர்மானிக்கலாம். தவிலுக்கு அந்த வாய்ப்பு வரவில்லை. தெட்சணாமூர்த்தியைப்பற்றி நாம் சொல்வதில் பெரும்பகுதி, அவரைக் கேட்டவர்கள் சொன்னதைக் கேட்டவர்கள் சொல்வது.

இதற்கு மருந்து பதிவுகளை வெளியிடுவதுதான் என்பதில் யாருக்கும் மாறுபாடு இல்லை. எப்படி வெளியிடுவது என்பதில்தான் என் வாதம் பிரிகிறது. இன்று அவர் பெயரில் இணையத்தில் உலவுவனவற்றில் மிகுதியும் தனி ஆவர்த்தனத் துண்டுகள். நாதஸ்வரம் ஓய்ந்த இடத்தில் தொடங்கி, தீர்மானம் விழும் இடத்தில் முடியும் துண்டுகள். கேட்பவரை வியக்கவைக்க அவை போதும். வரலாறு எழுத உதவா. இந்தப் பதிவுகள் முழு நாடாவாக, வெட்டாமல், இடமும் ஆண்டும் உடன் வாசித்தோர் பெயரும் குறிக்கப்பட்டு வெளிவரவேண்டும் என்பதே இக்கட்டுரையின் கோரிக்கை. முழுமையை வேண்டுவது ஏதோ பக்தியினால் அன்று. வெட்டிய துண்டிலிருந்து சரிபார்க்க முடியாத மூன்று உண்மைகள் முழு நாடாவில் இருக்கின்றன: அவர் வாசித்த வேகம், வாசித்தவர் அவர்தானா என்பது, அவர் செய்த கணக்கு எதற்கு விடை என்பது. இம்மூன்றையும் பார்ப்பதற்கு முன், அவர் தவில் ஏன் ஒழுங்கான வெளியீடாக வராமற்போயிற்று என்பதைச் சுருக்கமாகச் சொல்லவேண்டும்.

இசைத்தட்டு வணிகம் தவிலுக்கென்று அமைந்ததல்ல. 78 சுழற்சித் தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ மூன்றரை நிமிடம். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடி அந்த மூன்றரை நிமிடத்துக்குள்ளும் தன் பெயரை நாட்டியது. ராகத்தைச் சுருக்கலாம், அதன் முகம் தெரியும். தவில் தனியைச் சுருக்கினால் முகமே தெரியாது. ஒரு நடையை நிறுவி, அதை வளர்த்து, இன்னொரு நடைக்கு மாறி, கோர்வையால் கட்டி முடிக்க அரை மணி நேரம் ஆகும். அதோடு, தவில் ஒலிவாங்கிக்கு அடங்காத வாத்தியம். பலா மரத்துக் கொட்டு, இறுக இழுத்த வலந்தலை, விரல்களில் கெட்டிப்பட்ட கூடு, மறுகையில் பூவரசங் கழி. இவை எழுப்பும் திடீர் அடிகளைப் பழைய கருவிகள் தாங்கமாட்டாமல் பிசிறடித்தன. ஆகவே ஒலிப்பதிவாளர் தவிலைத் தள்ளி உட்காரவைப்பார், அல்லது அடக்கி வாசிக்கச் சொல்வார். வானொலியிலும் நிலைமை பெரிதாக மாறவில்லை. இலங்கை வானொலி நாதஸ்வர இசையை ஒலிபரப்பிப் பெரும்பணி செய்தது உண்மை. ஆனால் கலையகத்தின் கடிகாரம் கால் மணி, அரை மணி என்றுதான் ஓடும். அந்த அளவுக்குள் கீர்த்தனை முதலிடம் பெறும், தனி சுருங்கும். தட்டின் நடுவம் சென்னை, வானொலியின் நடுவம் கொழும்பு. தெட்சணாமூர்த்தியின் கலை மலர்ந்த இடமோ இரண்டும் இல்லாத வலிகாமத்துக் கோயில் வெளிவீதி.

அந்த வெளிவீதியின் பொருளாதாரத்தையும் பார்க்கவேண்டும். யாழ்ப்பாணத்துக் கோயில்களில் ஒவ்வொரு நாள் திருவிழாவுக்கும் ஓர் உபயகாரர் இருப்பார். தன் திருவிழாவுக்கு யாருடைய மேளம் வந்தது என்பதில் அவருக்குப் பெருமையும் போட்டியும் உண்டு. இந்தியாவிலிருந்து ஒரு கூட்டம், உள்ளூரில் இரண்டு கூட்டம் என்று அமர்த்தி, இரவு முழுவதும் மாறிமாறி வாசிக்கவைத்த காலம் அது. தஞ்சை மண்ணின் வித்துவான்களும் ஈழத்து வித்துவான்களும் ஒரே வீதியில் முகத்துக்கு முகம் நின்ற இந்தப் பழக்கம் இல்லையென்றால் தெட்சணாமூர்த்தி என்ற கலைஞர் உருவாகியிருக்கமாட்டார் என்றே சொல்லலாம். ஆனால் அங்கே வாசித்தவர் கையில் ஒலிப்பதிவுக் கருவி இருக்கவில்லை. ஸ்பூல் கருவி வசதி படைத்தவர் வீட்டுப் பொருள். கசெற் 1963இல் ஐரோப்பாவில் அறிமுகமாகி, நம்மவர் கைக்குப் பரவலாக வரும்போது அவருடைய காலம் முடியும் தறுவாயில் இருந்தது. பெரிய மேளக் கலைஞருக்கும் உபயகாரருக்கும் இடையே அன்று நிலவிய சாதிப் படிநிலையையும் மறைப்பதற்கில்லை. கலையை ஒருவர் படைத்தார். அதன் நாடாவை வேறொருவர் வைத்துக்கொண்டார். இந்தப் பிரிவினையே பின்னர் வந்த எல்லாச் சிக்கலுக்கும் வேர்.

பிறகு ஊரே கலைந்தது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் ஏறத்தாழ 97,000 நூல்களோடு எரிந்தபோது, நிறுவனத்தில் வைத்தால் பாதுகாப்பு என்ற நம்பிக்கை எரிந்தது. 1990 யூன் மாதத்தில் போர் மீண்டும் மூண்டபோது வலிகாமம் வடக்கு மக்கள் இடம்பெயர்ந்தார்கள். பலாலி, காங்கேசன்துறை, மயிலிட்டி, தெல்லிப்பழையின் பகுதிகள் உயர் பாதுகாப்பு வலயத்துள் போயின. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் முழுவதும் பெயர்ந்தது. வீட்டை விட்டு இரவோடிரவாக நடப்பவர் காணி உறுதியை எடுப்பார், பிள்ளையின் பிறப்புச் சான்றிதழை எடுப்பார். ஸ்பூல் நாடா கடைசி வரிசையில்தான் வரும். அப்படியிருந்தும் தப்பியவை, கொழும்புக்கும் கடல் கடந்தும் போனவர்களின் பெட்டிகளில் படியின் படியாகத் தப்பின. ஆகவே இன்று நாம் கேட்பது மூலமன்று, பல கை மாறிய பிரதி. ஏட்டுச்சுவடியைப் பதிப்பித்தவர்களுக்கு இந்த நிலைமை மிகவும் பழக்கமானது.

இனி முதல் உண்மைக்கு வருவோம்: வேகம். தெட்சணாமூர்த்தியைப்பற்றிய வியப்பில் பாதி அவருடைய கை வேகத்தைப்பற்றியது. நாடாவோ வேகத்தைப்பற்றி எளிதில் பொய் சொல்லும் ஊடகம். அந்தக் காலத்து ஸ்பூல் கருவிகள் பலவற்றின் மோட்டார், மின்சாரத்தின் அலைவெண்ணைப் பின்பற்றி ஓடுவது. நம் நாட்டு மின்சாரம் நொடிக்கு 50 சுற்று. திருவிழாக்களிலோ ஜெனறேற்றரே பெரும்பாலும் வெளிச்சமும் ஒலியும் தந்தது. சுமை ஏறி அது 47 சுற்றுக்குத் தளர்ந்தால், பதியும் நாடாவும் அதே விகிதத்தில் மெதுவாக நகரும். பிறகு வீட்டில் ஒழுங்கான மின்சாரத்தில் அதைப் போட்டால் வாசிப்பு 6 வீதத்துக்கும் சற்று மேலாக விரைவாகக் கேட்கும். பற்றரியில் ஓடிய கருவியிலும் இதே கதை: பற்றரி சோர்ந்தால் பதிவின்போது மோட்டார் தளரும், கேட்கும்போது வாசிப்பு ஓடும். கவனிக்கவேண்டியது என்னவென்றால், வெளிவீதியில் மிக எளிதில் நேரும் இந்த இரண்டு பிழையும் ஒரே திசையில் இழுக்கின்றன. இரண்டுமே கலைஞரை உள்ளதைவிட வேகமானவராகக் காட்டுகின்றன. ஆகவே ஒரு துண்டைக் கேட்டு ‘இந்த வேகம் மனிதனால் ஆகுமா’ என்று வியப்பவர், கையை வியக்கிறாரா ஜெனறேற்றரை வியக்கிறாரா என்று முதலில் கேட்கவேண்டும்.

இதைச் சரிபார்க்க வழி உண்டு; அந்த வழி நாதஸ்வரத்தில் இருக்கிறது. நாடா விரைந்தால் தாளம் மட்டும் விரைவதில்லை, சுருதியும் ஏறும். 6 வீத விரைவு ஏறக்குறைய அரைச் சுருதி. 2 கட்டையில் வாசித்தது 2½ கட்டையாகக் கேட்கும். நாதஸ்வரக்காரர் சீவாளியாலும் மூச்சாலும் கமகம் செய்வார், ஆனால் அவர் கைக்குழலின் ஆதார சுருதி மரத்தில் துளைத்துவைத்தது. அதை நாளுக்கு நாள் மாற்ற முடியாது. 2 கட்டைக் குழலும் உண்டு, 2½ கட்டைக் குழலும் உண்டு, ஆகவே இது உறுதியான அளவா என்று ஒருவர் கேட்கலாம். தனித்த ஒரு நாடாவை வைத்துக்கொண்டு கேட்டால் அந்தக் கேள்விக்கு விடை இல்லை. ஒரே நாதஸ்வர வித்துவானின் பல பதிவுகளை, குறிப்பாக வேகம் ஒழுங்காக இருந்த வானொலிக் கலையகப் பதிவுகளை, பக்கத்தில் வைத்தால் அவர் குழலின் சுருதி தெரிந்துவிடும். பிறகு வெளிவீதி நாடா எவ்வளவு விலகியது என்று கணக்கிட்டு அந்த அளவுக்குத் திருத்தலாம். பிரதிகளை ஒப்புநோக்கும் பதிப்பாசிரியரின் வேலைதான் இது. தனியை மட்டும் வெட்டி எடுத்தவர் நாதஸ்வரத்தை எறிந்தபோது, அளவுகோலையும் சேர்த்து எறிந்துவிட்டார். பின்னால் ஒத்தாக ஒலிக்கும் சுருதி மெல்லக் கேட்டாலும், தவிலின் ஓசைக்குள் அமுங்கிய அதைக்கொண்டு அளப்பது கடினம்.

இரண்டாவது, யார் வாசித்தார் என்பது. மேளக் கச்சேரியில் தவில் பெரும்பாலும் தனித்து நிற்பதில்லை. இரண்டு தவில் சோடியாக நிற்கும். விசேட கச்சேரிகளில் அதற்கு மேலும் நிற்கும். தனியில் ஒருவர் வாசித்ததை மற்றவர் வாங்கி, வளர்த்து, திருப்பிக் கொடுப்பார். இருபுறமும் பிரித்துக் காட்டும் ஸ்ரீரியோ வசதி இல்லாத ஒற்றை வழிப் பதிவில் இரு தவிலும் ஒரே இடத்திலிருந்துதான் கேட்கும். அதிலிருந்து பத்து நிமிடத்தை நறுக்கி ஒரு பெயரை மட்டும் மேலே ஒட்டினால், மற்றவர் வாசித்த ஐந்து நிமிடமும் அந்தப் பெயருக்கே போய்விடும். தமிழகத்து வித்துவான்கள் மட்டுமல்ல, இணுவில் சின்னராசா, கைதடி பழனி போன்ற ஈழத்துத் தவில் வித்துவான்களும் வாழ்ந்த காலம் அது. ஒருவருடைய புகழின் நிழலில் ஒரு தலைமுறையே பெயரிழப்பதை வரலாறு ஏற்கக்கூடாது. முழு நாடாவில் இதற்கு விடை தேடலாம். எந்தத் தவில் எந்தக் கீர்த்தனைக்கு வாசித்தது, எதன் வலந்தலை சற்று உயர்ந்த ஒலியுடையது, யாருடைய தொப்பி அடி எப்படி உருண்டு வருகிறது என்பவற்றை முதல் ஒரு மணி நேரத்தில் காது பழகிவிட்டால், தனி வரும்போது இருவரையும் பிரிக்கலாம். துண்டில் காதுக்கு அந்தப் பழக்கம் கிடைப்பதில்லை.

மூன்றாவது, கணக்கு. தவிலின் கோர்வை காற்றில் பிறப்பதில்லை. நாதஸ்வரம் வாசித்த பல்லவியோ கீர்த்தனையோ தாளத்தில் ஓர் இடத்தில் எடுப்புக் கொள்ளும்: சமத்தில், அல்லது அரை இடம் தள்ளி, அல்லது முக்கால் இடம் தள்ளி. தனியின் கடைசிக் கோர்வை அந்த எடுப்பில் வந்து விழவேண்டும். திஸ்ரம், கண்டம், மிஸ்ரம் என்று எத்தனை நடைக்குள் புகுந்து வந்தாலும் கடைசியில் பாட்டின் வாசலில்தான் வந்து நிற்கவேண்டும். பாட்டை வெட்டிவிட்டால் கேட்பவருக்கு அடிகளின் பெருக்கம் தெரியும். அவை எங்கே போய்ச் சேர முயன்றன என்பது தெரியாது. அதைவிடப் பெரிய இழப்பு ஒன்றுண்டு. தவில்காரரின் நேரத்தில் மிகுதியான பங்கு தனியில் செலவாவதில்லை. மல்லாரிக்கு வாசிப்பது, ஆலாபனை இடைவெளிகளில் அளவோடு நுழைந்து விலகுவது, கீர்த்தனையின் காலப்பிரமாணத்தை இழுக்காமலும் தள்ளாமலும் பிடித்துக்கொடுப்பது, தேவாரத்தின்போது ஒதுங்குவது ஆகியவைதாம் அவருடைய இரவு. ஒரு கலைஞரின் அறிவு அவர் எங்கே வாசிக்காமல் விட்டார் என்பதிலும் இருக்கிறது. தனியின் துண்டு அதைச் சொல்லாது.

இந்த இடத்தில் உலகத்தின் மறுபக்கத்திலிருந்து ஓர் எடுத்துக்காட்டை எடுத்துக்கொள்வது பயன்தரும். அமெரிக்க றொக் கிற்றார் கலைஞர் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் 1970 செப்ரெம்பர் 18இல் லண்டனில், 27ஆவது வயதில் இறந்தார். வாழ்நாளில் அவர் வெளியிட்ட கலையகத் தொகுப்புகள் மூன்றுதான். ஆனால் நியூயோர்க்கில் தனக்கென ஒரு ஒலிப்பதிவுக் கலையகத்தையே கட்டி, ஏராளமான நாடாக்களை விட்டுப்போனார். தெட்சணாமூர்த்தி மறைந்த அதே 1975இல் ‘கிராஷ் லாண்டிங்’ என்ற தொகுப்பு வந்தது. தயாரிப்பாளர் அலன் டக்ளஸ், ஹென்ட்ரிக்ஸின் குரலையும் கிற்றாரையும் வைத்துக்கொண்டு, உடன் வாசித்தவர்களின் பகுதிகளைப் பெரும்பாலும் நீக்கி, அவரோடு ஒருநாளும் வாசித்திராத கலைஞர்களைப் புதிதாக வாசிக்கவைத்து ஒட்டினார். சில பாடல்களில் தன் பெயரையும் இணைப் படைப்பாளியாகப் போட்டுக்கொண்டார். தொகுப்பு அமெரிக்க விற்பனைப் பட்டியலில் 5ஆம் இடம்வரை ஏறியது. 1995இல் வழக்கின் முடிவில் உரிமை தந்தையாரின் கைக்கு வந்தபின், ஹென்ட்ரிக்ஸோடு நேரே பணியாற்றிய ஒலிப்பொறியாளர் எடி கிரேமரைக் கொண்டு, பழைய நாடாக்கள் உண்மையான பக்கவாத்தியங்களோடு ஒழுங்குசெய்யப்பட்டன. 1997 முதல் 2018 வரை தொகுப்புகள் அடுத்தடுத்து வந்தன. ரசிகர்கள் 1975இன் மெருகை விட்டு இந்த வெளியீடுகளையே ஆதாரமாகக் கொள்கிறார்கள். மேதையை மட்டும் வைத்துக்கொண்டு அவரைச் சூழ்ந்தவர்களை நீக்குவது விற்கும், ஆனால் நிலைக்காது என்பதற்கு இது போதிய சான்று.

ஹென்ட்ரிக்ஸின் உதாரணம் எனக்கே எதிராகத் திரும்பக்கூடியது என்பதையும் பார்க்கவேண்டும். அவருடைய நாடாக்கள் கலையகத்தில் அவரே திட்டமிட்டுப் பதிந்தவை. தெட்சணாமூர்த்தியுடையவை யாரோ ஓரத்தில் கருவியை வைத்துப் பதிந்தவை. மாலை மரியாதையோடு அந்த இரவு முடிந்தது என்றே அவர் நினைத்திருப்பார். அதை அரை நூற்றாண்டு கழித்துக் கடைவிரிக்க நமக்கு என்ன உரிமை என்பது நேர்மையான கேள்வி. என் விடை இது. கலையகத்தில் ஒருவர் செய்து பார்த்துக் கைவிட்ட முயற்சி அவருடைய தனி அறைக்குரியது. அதை வெளியிடத் தயங்குவதில் நியாயம் உண்டு. கோயில் வீதியில் ஆயிரம் பேர் முன்னால் வாசித்தது அப்படியன்று. அது வாசித்த கணத்திலேயே ஊருக்குக் கொடுக்கப்பட்டுவிட்டது. நாம் இன்று செய்வது அந்த ஆயிரம் பேருடைய வட்டத்தைப் பெரிதாக்குவது மட்டுமே. கலைஞரின் சம்மதத்தைப்பற்றி உண்மையிலேயே கவலைப்படுபவர் முழுக் கச்சேரியைத்தான் ஏற்கவேண்டும். அவர் வாசித்த ஒழுங்கு அது. வெட்டிய துண்டுதான் அவர் ஒருபோதும் வாசிக்காத வடிவம்.

அடுத்த ஆட்சேபம் ஒலித்தரம். இரைச்சலும் பிசிறும் நிறைந்த நாடாவை அப்படியே வெளியிட்டால் இளைய தலைமுறை ‘இவரையா புகழ்ந்தீர்கள்’ என்று கேட்கும், இருக்கிற பெயரும் கெடும் என்கிறார்கள். இதில் அச்சம் இருக்கிறது, தர்க்கம் குறைவு. இன்றைய கணினி முறைகளால் இரைச்சலைக் குறைப்பது எளிது. ஆனால் தவிலின் கூட்டு அடியும் நாடாவின் இரைச்சலும் ஒலி நிறமாலையில் அருகருகே இருப்பதால், இரைச்சலைத் துடைக்கும் கை வலந்தலையின் கூர்மையையும் துடைத்துவிடும். ஆகவே துலக்கிய பிரதி ஒன்றைக் கேட்பதற்கும், கைபடாத பிரதி ஒன்றைச் சோதிப்பதற்கும் சேர்த்து வைக்கவேண்டும். சிதைந்த ஏட்டில் இடைவெளியைப் புள்ளியிட்டுக் காட்டிய பதிப்பாசிரியரை யாரும் குறைகூறவில்லை. இடைவெளியைத் தன் சொல்லால் நிரப்பியவரைத்தான் குறைகூறினார்கள். அதோடு, பெயர் கெடும் என்ற அச்சத்தில் ஓர் ஒப்புதல் ஒளிந்திருக்கிறது: நம் புகழ்ச்சி சான்றைத் தாங்காது என்று நாமே ஐயுறுகிறோம். சுருதியைக் கொண்டு திருத்திய பின்பு வேகம் 6 வீதம் குறைந்தால் குறையட்டும். அதற்குப் பிறகும் எஞ்சுகிற வேகம் ஒருவராலும் மறுக்க முடியாததாகிவிடும். எஞ்சுகிற கணக்கு மாணவர் கற்கக்கூடிய பாடமாகிவிடும்.

உரிமை பற்றிய ஆட்சேபம் இவற்றைவிடக் கனமானது. இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், நிகழ்த்துகலைஞருக்குத் தம் நிகழ்வின்மீது 50 ஆண்டுப் பாதுகாப்புத் தருகிறது. 1975க்கு முந்திய கச்சேரிகளுக்கு அந்தக் காலம் கடந்துவிட்டது. சட்டம் விலகியதால் கடமையும் விலகிவிட்டது என்று கொள்வது தவறு. கலைஞருக்கு நாடா இல்லை, நாடாக்காரருக்குக் கலை இல்லை என்ற பழைய பிரிவினையை வெளியீடும் தொடரக்கூடாது. தெட்சணாமூர்த்தியின் குடும்பத்தாரோடு, நாதஸ்வரம் வாசித்தவர், இரண்டாம் தவில் வாசித்தவர், தாளம் போட்டவர் ஆகியோரின் குடும்பங்களுக்கும் பெயரிலும் வருவாயிலும் பங்கு இருக்கவேண்டும். துண்டு வெளியீடு ஒருவரை மட்டும் அழைக்கும். முழு நாடா நாலைந்து குடும்பங்களை அழைக்கும். நாடாவைக் காத்துவைத்தவரின் நன்றிக்கடனும் அங்கே எழுதப்படவேண்டும். அவர் வைத்திராவிட்டால் இந்தப் பேச்சே இல்லை.

கடைசியாக, யார் இருந்து கேட்பார்கள் என்ற கேள்வி. மூன்று நிமிடக் காணொளியில் பொறுமை இழக்கும் காலத்தில் நாலு மணி நேர மேளக் கச்சேரிக்குக் கேட்பவர் எங்கே என்கிறார்கள். துண்டுகளைத் தடைசெய்யச் சொல்வது என் நோக்கமன்று. ஈர்ப்பதற்குத் துண்டு உதவும். 2015ஆம் ஆண்டுக்கான இந்திய தேசியத் திரைப்பட விருதைப் பெற்ற அம்ஷன் குமாரின் ஆவணப்படம் தெட்சணாமூர்த்தியின் பெயரைப் புதியவர்களிடம் கொண்டுசென்றதே. ஆனால் துண்டுக்குப் பின்னால் போக விரும்புகிற ஒருவருக்குப் போக ஓர் இடம் இருக்கவேண்டும். கலித்தொகையை முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டுவரை ஒரே மூச்சில் படிப்பவர் மிகச் சிலரே; அதனால் அது முழுதாகப் பதிப்பிக்கப்படாமல் இருந்திருக்கலாம் என்று யாரும் சொல்வதில்லை. முழுப் பதிப்பு, எல்லோரும் முழுவதையும் நுகர்வதற்காக இருப்பதன்று. எவர் எந்த மூலையைத் தேடினாலும் அது அங்கே இருப்பதற்காக இருப்பது.

ஆகவே செய்யவேண்டியது தெளிவு. நாடா எங்கிருந்தாலும் அதன் உரிமையாளரிடமே இருக்கட்டும். பிரதி மட்டும் பொதுவுக்கு வரட்டும். 2005இல் தொடங்கிய நூலகம் நிறுவனம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் எண்ணிமப்படுத்திக் காட்டிய வழி நம் முன் இருக்கிறது. ஒரே கட்டடத்தில் குவித்து வைத்ததை ஒரே இரவில் இழந்த சமூகத்துக்குப் பல இடத்தில் பிரதி வைப்பதே அறிவு. ஒவ்வொரு நாடாவுக்கும் கோயில், திருவிழா, ஆண்டு, உபயகாரர், வாசித்தோர் ஆகிய குறிப்புகள் எழுதப்படவேண்டும். உறுதியானது எது, கேள்வி எது என்று பிரித்து எழுதப்படவேண்டும். ஒரே கச்சேரியின் இரண்டு பிரதி கிடைத்தால் இரண்டையும் வைக்கவேண்டும், ஏனென்றால் ஒன்றில் விட்டுப்போனது மற்றதில் இருக்கும். அந்தக் கச்சேரிகளில் இருந்து கேட்ட வித்துவான்களும் ரசிகர்களும் வயதேறிக்கொண்டிருக்கிறார்கள். எந்தத் தவில் யாருடையது என்று குரலைப்போல அடையாளம் சொல்லக்கூடியவர்கள் அவர்கள். நாடாவின் காந்தப்பூச்சு உதிர்வதற்குள் அதைப் பிரதி செய்யவேண்டும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அதைக் கேட்டுச் சொல்லக்கூடிய காதுகள் இருக்கும்போதே செய்யவேண்டும் என்பதுதான் அதைவிட அவசரமான காரணம். எட்டாவது அதிசயம் என்று சொல்லி நாம் தெட்சணாமூர்த்தியை வணங்கி விலகியிருக்கிறோம். அதிசயத்திடம் யாரும் பாடம் கற்க முடியாது. பதிப்பிக்கப்பட்ட ஒரு கலைஞரிடம் கற்கலாம்.

(அடுத்த இதழில்: மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலும் மேளக் குடும்பங்களும்)